நாற்பத்தொன்றாவது தொட்டி

நாற்பது பேருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பட்டியலில் நாற்பத்தொரு தொட்டி இருந்தது.

தான்தான் தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்து, ஸ்கிரீனில் விரலை வைத்து மேலிருந்து கீழே இன்னொரு தரம் எண்ணினாள். நாற்பத்தொன்று. ஏசி குழாயிலிருந்து எங்கோ ஒரு வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பின் வரிசையில் யாரோ ஆரஞ்சு உரித்த வாசனை. காலை பதினோரு மணி வெளிச்சம் மேஜைகளின் மேல் அசையாமல் படுத்திருந்தது. பயப்படுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவளும் பயப்படவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த இந்த நாலு மாதத்தில் அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை.

அவள் டிசைனர். செடி வளர்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு செயலியை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். ஆசையாக ஒரு தொட்டியை வாங்கி வந்து, பத்தே நாளில் அதைச் சாகடித்துவிட்டு, நமக்குக் கை ராசி இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்காக. கட்டைவிரல் அளவில் ஒரு பச்சை சென்சார். அடியில் ஊசி போல இரண்டு உலோகக் கால்கள். அதை மண்ணில் குத்திவிட்டால் ஈரம், வெளிச்சம், சூடு மூன்றையும் அளந்து போனுக்கு அனுப்பும். போன் சொல்லும்: இப்போது ஒரு டம்ளர் தண்ணீர். இப்போது ஜன்னல் பக்கம் திருப்பு. இன்றைக்கு இலையைத் துடை. செடியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம், அதன்மேல் பிரியம்கூட வேண்டாம், சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தால் போதும். பொத்தான்கள், நிறங்கள், வார்த்தைகள் எல்லாம் அவளுடையவை.

சோதனைக்கு எடுத்துப்போனவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. பட்டியலில் எண் இருக்கும், செடிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் இருக்கும். கவுன்சிலர். குண்டுப் பாப்பா. மாமனார். கடைசி சான்ஸ். நாற்பத்தொன்றின் பெயர் மேடம்.

மேடத்தின் மண்சூடு முப்பத்தாறு புள்ளி ஆறு.

சென்சார் செய்கிறவரை ஆபீசில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இடுக்கியும் கையுமாக எதையாவது வயிற்றைக் கிழித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரிடம் ஸ்கிரீனைக் காட்டினாள்.

"முப்பத்தாறு புள்ளி ஆறா?" என்று அவர் சிரித்தார். "சட்டைப் பையில போட்டுக்கிட்டு சுத்தறாங்களா? இல்ல அக்குள்ல வச்சிருக்காங்களா?"

"ஈரமும் காட்டுதே டாக்டர். ராத்திரி பகல் ஒரே ஈரம்."

"அப்ப கோளாறு பீஸ். ஒண்ணு கூடுதலா பண்ணி உங்க மேஜையில வச்சேனே, அது எங்க?"

"தெரியல. பையில போட்டேன்னு நெனைக்கறேன்."

"சரி, விடுங்க. உங்க ஒரு செருப்பு எங்க, அதாவது தெரியுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது பாதம் வெறுமையாக, தெருப் புழுதியில் கறுத்துக் கிடந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து இவ்வளவு தூரமும் அப்படியேதான் நடந்து வந்திருக்கிறாள். குதிகாலில் ஏதோ கிழித்து, சதை இரண்டாகப் பிளந்திருந்தது. வலி இல்லை. டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பஞ்சு தேடிப் போனார். அவள் விரலால் காயத்தைத் தொட்டுப் பார்த்தாள். ரத்தம் வரவில்லை. தண்ணீர் மாதிரி ஒன்று கசிந்திருந்தது; விரலை எடுத்தபோது அது மெல்லிய நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. முகர்ந்தாள். வெண்டைக்காய் நறுக்கிய கத்தியின் வாசனை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி லிஃப்ட்களைச் சோதித்து, உள்ளே தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவது அவன் தொழில். வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஒன்று விடாமல் செய்து முடிப்பான். எழுதிக் கொடுக்காத எதிலும் கை வைக்கத் தயங்குவான். அவள் அம்மா இறந்த அன்றுகூட, யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அவள் தங்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவனுக்குக் கை கால் ஓடியது. அதற்குப் பிறகு தாள் தர யாரும் இல்லை. மனைவி அழவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். என்ன வேணும் என்று கேட்டான். நாலு மாதமாகக் கேட்டான்.

கொஞ்ச நாளாக அவன் கேட்பதை விட்டிருந்தான்.

"மேடம், தண்ணி," என்று டம்ளரை நீட்டுவான். கல்யாணமான புதிதிலிருந்து கேலியாகக் கூப்பிடுகிற பெயர் அது. இப்போது கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. டம்ளரில் உள்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தான். அந்தக் கோடு வரை தண்ணீர். அவள் குடித்து முடிக்கும் வரை நின்றிருந்து வாங்கிப் போவான்.

நல்ல மனுஷன்தான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதற்குமேல் நினைப்பு ஓடாது.

*

செயலிக்குள் 'கேளுங்கள்' என்று ஒரு பெட்டி இருந்தது. செடிக்கு ஏதாவது என்றால் அதில் கேட்கலாம். உடனே பதில் வரும். இயந்திரம் பதில் சொல்கிறது என்று சோதனைக்காரர்கள் நம்பினார்கள். இயந்திரம் இன்னும் தயாராகவில்லை. அது வரைக்கும் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தது அவள்தான். மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது. 'பயப்பட வேண்டாம்' கட்டாயம் வர வேண்டும். அவளே வகுத்த விதிகள்.

அந்த வாரம் நாற்பத்தொன்று முதல் கேள்வியைக் கேட்டது.

'நாலு மாசமா வாடியே கிடக்கு. காப்பாத்த முடியுமா?'

'முடியும். பயப்பட வேண்டாம்,' என்று தட்டினாள். 'அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். காலை வெயில் படும் ஜன்னல் அருகே ஒரே இடத்தில் இருக்கட்டும்.'

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அவளுடைய நாற்காலி அம்மா இருந்த அறைக்குப் போயிருந்தது. கிழக்கு ஜன்னலை ஒட்டி, அதன் முன்னால் சின்ன மேஜை, மேஜைமேல் அவள் லேப்டாப்புக்கு ஒயர் இழுத்து வைத்திருந்தான்.

"இனிமே அலைய வேண்டாம். இங்கயே உக்காந்து வேலை பாரு. உங்க மேனேஜர்கிட்ட நான் பேசிட்டேன், உடம்பு சரியாகற வரைக்கும் சரின்னுட்டாங்க."

"சரி," என்றாள்.

இரண்டு நாள் கழித்து: 'சத்தாக எது போட்டாலும் ஏற்றுக்கொள்ள மாட்டேங்குது. வற்புறுத்தலாமா?'

'வேண்டாம். நலிந்த செடிக்கு உரம் பாரம். தண்ணீரும் வெளிச்சமும் போதும். பயப்பட வேண்டாம்.'

அன்றிரவு தட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவளுக்குப் பசியும் இல்லை. பசி என்பது வயிற்றில் எந்த இடத்தில் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. வெயில் ஏறி மடியில் விழும்போது மட்டும் உடம்புக்குள் ஏதோ லேசாகத் திறந்துகொள்கிற மாதிரி இருக்கும். நேரம் போவதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அழுதுடேன்க்கா. ஒரு தடவ வாய்விட்டு அழுதா சரியாப் போயிடும். இப்படி மரத்துப்போய் உக்காந்திருந்தா எப்படி? உன்னைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

அக்கா அவள் தலையைத் தடவினாள். தலைமுடி கைக்குத் தெரியவில்லை. தங்கை போன பிறகு இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தாள்.

மூன்றாம் நாள் கேள்வி வந்தது: 'இன்னொரு செடி பக்கத்தில் வந்தால் இது இன்னும் வாடுது.'

'சில காலம் தனியாக வையுங்கள். பயப்பட வேண்டாம்,' என்று பதில் போனது.

அதற்குப் பிறகு தங்கையின் அழைப்பு வரவில்லை. தங்கை ஏன் போன் செய்யவில்லை என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனித்தனி நாளில், ஒரு முகாந்திரத்தோடு வந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிற இடம் அவளுக்குள் எங்கோ படுத்துவிட்டிருந்தது.

நடுவில் டாக்டர் ஒருநாள் போன் செய்தார்.

"உங்க கோளாறு பீஸ் தானாவே சரியாயிடுச்சு பாருங்க. போன வாரம் முப்பத்தி மூணு, அப்புறம் முப்பது, இன்னிக்கி இருபத்தெட்டு. இப்பதான் மண்ணு மாதிரி இருக்கு."

"ஓ."

"இன்னொண்ணு. அடுத்த திங்கள்லேருந்து நீங்க பதில் தட்ட வேண்டாம். உங்க பதிலையெல்லாம் மிஷினுக்கு ஊட்டியாச்சு. அப்படியே நீங்க பேசற மாதிரியே பேசுது. நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

"சரி டாக்டர்."

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

காற்று இலையில் உரசுகிற மாதிரி இருக்கு என்று அவர் சொன்னதாக அவளுக்குக் கேட்டது. அவர் வேறு எதையோ சொல்லியிருக்கலாம்.

*

படம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை எட்டரைக்கு.

எல்லோரும் வாரம் ஒரு தரம் செடியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாற்பத்தொன்று இதுவரை அனுப்பியதே இல்லை. அவள் ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். கீழே தெருவில் பள்ளி வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு வாஷிங் மிஷின் சுவர் வழியாகக் கடகடத்தது. வெயில் திரைச்சீலையின் மஞ்சளை அவள் கைமேல் ஊற்றிக்கொண்டிருந்தது. 'புதிய படம்' என்று வந்ததை அழுத்தினாள்.

முதலில் மஞ்சள்தான் தெரிந்தது. மஞ்சள் திரைச்சீலை. ஓரத்தில் ஒரு கொக்கி விட்டுப்போய்த் தொங்கும் முனை. அதற்கு முன்னால் ஒரு நாற்காலியின் முதுகு. முதுகுக்கு மேல் கலைந்த கறுப்பு முடி, இடப்பக்கமாகச் சாய்ந்த தலை.

அவள் திரைச்சீலையைப் பார்த்தாள். ஒரு கொக்கி விட்டுப்போயிருந்தது.

படத்துக்குக் கீழே: 'ஒரு பக்கமாவே சாயுது. என்ன பண்ணலாம்?'

பின்னால் தரை லேசாகக் கிறீச்சிட்டது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் சத்தம். அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று கழுத்துக்குச் சொன்னாள், கழுத்து கேட்கவில்லை. ஆனால் விரல்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ முறை தட்டிய பதில் அது. தானாகவே தட்டிக்கொண்டு போயின.

'வெளிச்சத்தின் பக்கம் சாய்வது இயல்புதான். பயப்பட வேண்டாம். தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள்.'

அனுப்பினாள்.

அவளுக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில், ஒரு போன் 'டிங்' என்றது.

பிறகு நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் இரண்டு கைகள் வந்து பொருந்தின. மிகவும் பதமாக, உள்ளே தண்ணீர் தளும்பும் பாத்திரத்தைத் திருப்புகிற மாதிரி, அவளைக் கால்வட்டம் திருப்பி வைத்தான்.

"இப்ப பரவாயில்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான்.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். முடியை விலக்கினாள். கழுத்து முதுகோடு சேரும் இடத்தில், எலும்புக்கு இரண்டு விரல் தள்ளி, கட்டைவிரல் அளவில் வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. அதன் விளிம்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். குழந்தைகள் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாது என்று அந்த விளிம்பை மழுக்கச் சொன்னவளே அவள்தான்.

எப்போது வைத்தான்? எத்தனை நாளாக?

வலிக்கவே இல்லையே.

பிடித்து இழுத்தாள். உள்ளே எதுவோ பற்றிக்கொண்டு வர மறுத்தது. இன்னும் இழுத்தாள். ஈரமான சின்னச் சின்ன அறுபடும் சத்தங்கள் காதுக்குப் பக்கத்தில் கேட்டன. கையில் வந்தது. இரண்டு உலோகக் கால்களையும் சுற்றி, பின்னிப் பின்னி, பால் நிறத்தில் மயிரிழை போன்ற வேர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

உள்ளே அவன் போன் அலறியது. ஓடி வந்தான். கையில் சோப்பு நுரை.

"ஐயோ, என்ன பண்ற? பிடுங்காத, பிடுங்காத! அறுந்துடும்!"

"நான்..." என்றாள். நாக்கு தடித்துக் கிடந்தது. "நான் செடி இல்ல."

அவன் அவள் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எனக்குத் தெரியாதா? ஆனா உன்னை எப்படிப் பாத்துக்கறதுன்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நாலு மாசம் கெஞ்சினேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா? உன் பையில இது கெடந்துச்சு. சும்மாதான் வச்சுப் பாத்தேன். வச்ச அன்னிக்கே சொல்லிச்சு, ஒரு டம்ளர் தண்ணி குடுன்னு. குடுத்தேன், குடிச்ச. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? ராத்திரி பகல் எப்பக் கேட்டாலும் சிடுசிடுக்காம பதில் சொல்லுது. பயப்படாதன்னு சொல்லுது. இந்த வீட்ல என்கிட்ட அப்படி யாரு பேசறாங்க, சொல்லு?"

அது நான்தான் என்று அவள் சொல்ல நினைத்தாள். நினைப்பு தொண்டை வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அவன் சென்சாரை அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். பழைய இடத்திலேயே நிறுத்தி, உள்ளே இறக்கி, சுற்றிலும் கட்டைவிரலால் அமுக்கி விட்டான்.

*

அதற்குப் பிறகு அவள் தப்பிக்கப் பார்த்தது ஒரே ஒரு முறை.

செவ்வாய்க்கிழமை. அவன் வேலைக்குப் போயிருந்தான். வாசல் கதவு பூட்டியிருக்கவில்லை. அறையிலிருந்து பார்த்தால் தாழ்ப்பாள் விலகியிருப்பதே தெரிந்தது. வாசலுக்குப் பதினைந்து எட்டு. எழுந்தால் போதும். தெருவில் ஆட்கள் இருந்தார்கள், ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக் கத்திக்கொண்டு போனான், எதிர் மாடியில் ஒரு பெண் துணியை உதறினாள்.

எழுந்திருக்க முயன்றாள். கால் வரவில்லை.

குனிந்து பார்த்தாள். பாதங்களுக்குக் கீழே அவன் ஒரு கோரைப் பாய்த் துண்டு விரித்து, அதை ஈரமாகவே வைத்திருந்தான். குதிகாலில் பிளந்த இடம் ஆறவே இல்லை. அங்கிருந்து நூல் நூலாக வெள்ளையாக இறங்கி, பாயின் பின்னலுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, தரை ஓடுகளின் இடுக்கைத் தேடி ஊர்ந்திருந்தன. இடது காலில் அப்படி. வலது காலில் விரல் நுனிகளிலிருந்தே தொடங்கியிருந்தது.

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை. திரைச்சீலை மட்டும் ஆடியது.

போன். மேஜைமேல் இருந்தது. வலது கை இன்னும் பேச்சைக் கேட்டது, மெதுவாக, மெதுவாக. தங்கையின் எண்ணைத் தேடினாள். அந்தப் பெயரே இல்லை, அழைப்பு வராதபடி தடுத்து, அழித்திருந்தான். மனப்பாடமாகத் தெரிந்த எண்தான். முதல் இரண்டு இலக்கம் வந்தது, மிச்சம் வரவில்லை. அப்போது நாற்பத்தொன்றிலிருந்து கேள்வி வந்து விழுந்தது. அவன் எங்கேயோ ஒரு லிஃப்டுக்குள் நின்று கேட்கிறான்.

'வேர் அடியில வெளிய வந்துடுச்சு. என்ன செய்யணும்?'

இது போதும். இதில் எழுதினால் அவன் கட்டாயம் செய்வான். எழுதிக் கொடுத்தால் ஒன்று விடாமல் செய்கிறவன். அம்மா போன பிறகு முதல் தடவையாக அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு விரலால் தட்டினாள்.

'உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். தங்கையைக் கூப்பிடுங்கள்.'

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அமுங்கவில்லை. சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதன்மேல் சின்ன எழுத்தில்: 'இந்த உரையாடல் இப்போது தானாகவே நடக்கிறது.'

திங்கட்கிழமை நேற்றே போய்விட்டிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதில் எழுந்து வந்தது. வரி வரியாக. அவளுடைய வார்த்தைகள். அவளுடைய நிறுத்தம். மூன்று வரி.

'நல்ல செய்தி! உங்கள் செடி பிழைத்துக்கொண்டது. அதற்குப் பெரிய தொட்டி தேவைப்படுகிறது. பயப்பட வேண்டாம்.'

*

அவன் மூன்று மூட்டை மண் வாங்கி வந்தான். லிஃப்ட் வேலை செய்யாததால் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து ஏறினான். நாலாம் மாடி வரை அவன் மூச்சு இரைப்பது ஏறி ஏறி வந்தது. பால்கனியில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். பாதியாக அறுத்து, அடியில் துளை போட்டு வைத்திருந்தான்.

பாயை மொத்தமாக அவள் காலோடு சேர்த்தே எடுத்தான். வேர் அறுபடக் கூடாது என்று தரை இடுக்குகளை ஒரு மணி நேரம் ஸ்க்ரூ டிரைவரால் கிளறினான். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. கல்யாண நாளில்கூட அவளை அவன் இவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை.

டிரம்முக்குள் நிறுத்தினான். மண் விழுந்தது. கணுக்கால். முழங்கால். தொடை.

குளிர்ச்சி.

அவளுக்குத் தெரிந்தது. உண்மையாகவே தெரிந்தது. இத்தனை மாதமாக உடம்பில் ஒன்றுமே தெரியாதிருந்தவளுக்கு, மண்ணின் ஈரம் பாதத்திலிருந்து ஏறி ஏறித் தொண்டை வரை வந்தது தெரிந்தது. அழுகை மாதிரி ஒன்று. கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு, பாதிக் கன்னத்தில் பிசினாக நின்றுவிட்டது.

"நல்லாருக்கா?" என்றான்.

நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பயம்கூட எங்கோ பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரி, சுவர் வழியாக, மங்கலாகக் கேட்டது.

பிறகு நாட்களை அவள் எண்ணவில்லை. வெயில் வரும், போகும். அவன் காலையில் தண்ணீர் ஊற்றுவான், ஈரத் துணியால் முகத்தைத் துடைப்பான், ஒவ்வொரு விரலாகத் துடைப்பான், திருப்பி வைப்பான், வேலைக்குப் போவான். ஒரு மழை பெய்தது. அதற்குப் பிறகு கைகளைத் தாழ்த்தவே முடியவில்லை.

தங்கை வந்தது ஒரு பகல் நேரத்தில். அவன் வீட்டில் இருந்தான். அழைப்பு மணி, பிறகு கதவு, பிறகு அந்தக் குரல். அவளுக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த குரல்.

"என்ன அத்தான் இது? அக்கா போன் எடுக்கறதே இல்ல. நீங்களும் எடுக்கறதில்ல. எங்க அவ?"

எந்தத் தாளிலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

"பால்கனியில," என்றான் கடைசியில்.

செருப்பைக் கழற்றும் சத்தம். வேகமான காலடிகள். கதவுத் திரை விலகியது. தங்கை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றாள். நேருக்கு நேர். ஒரு முழம்கூட இல்லை. இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

பாரு. என்னைப் பாரு. நான்தான். பாருடி.

தங்கை பார்த்தாள். காலிலிருந்து தலை வரை நிதானமாகப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"அம்மாடி! என்னமா வந்திருக்கு! அத்தான், நீங்களா வளத்தீங்க? நம்பவே முடியல."

கையை நீட்டி அக்காவின் கன்னத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். மணத்தை முகர்ந்தாள்.

"அக்கா வெளிய போயிருக்காளா? வந்தா எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. ரொம்பக் கவலையா இருந்துச்சு. வீட்ல இப்படிப் பச்சையா ஒண்ணு இருந்தா அவளுக்கும் மனசு தேறும்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு ஒரு கொப்பு வெட்டித் தாங்களேன். நானும் வச்சுப் பாக்கறேன்."

"வேண்டாம்," என்றான் அவன் மெதுவாக.

"ஒண்ணே ஒண்ணு அத்தான். இவ்ளோ இருக்கே, ஒண்ணு எடுத்தா என்ன கொறஞ்சுடும்?"

அவன் போனை எடுத்தான். எதையோ தட்டினான். காத்திருந்தான். 'டிங்' என்றது. படித்தான், இன்னொரு தரம் படித்தான், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்க் கத்தரிக்கோலுடன் வந்தான்.

தங்கை அக்காவின் இடது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். சுண்டு விரலில் நின்றாள்.

"இது இளசா இருக்கு. இதையே வெட்டுங்க."

இரண்டு அலகுகளும் பொருந்தின. சின்னதாக ஒரு நறுக்கென்ற சத்தம். வலி இல்லை.

தங்கை அதை ஈரத் துணியில் பாதி வரை சுற்றினாள். கைப்பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலுக்கும் குடைக்கும் நடுவில், சாய்ந்துவிடாதபடி, நகம் மேலே இருக்குமாறு நிறுத்தி வைத்தாள்.